சேதுக்கரையில் வைத்திய தர்மம்

இந்திய மருத்துவச் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளையைச் சேர்ந்த டாக்டர்கள் ஆண்டுக்கொரு முறை ஏதேனும் ஒரு நகரத்தில் மாநில மகாநாடாகக் கூடுகிறார்கள். குத்துவிளக்கு ஏற்றுவதும், புதிய தலைவர் பழைய தலைவரின் கழுத்திலிருந்த பதக்கச் சங்கிலியை ஏற்று அணிவதும், இதய நோயையும் சர்க்கரை வியாதியையும் பற்றி நிபுணர்கள் படம் காட்டிப் பேசுவதும், மண்டபத்து ஓரத்தில் மருந்துக் கம்பெனிக்காரர்கள் கடை பரப்பியிருப்பதும், மத்தியானப் பந்தியும் எந்த மகாநாட்டுக்கும் உரிய சடங்குகளே ஆகையால் அவற்றைப் பற்றி விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும், கிளைகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்து தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் கைதூக்கி நிறைவேற்றுகிற அந்த ஒரு வேளையில், ஆஸ்பத்திரியில் புகுந்து டாக்டரைத் தாக்குகிறவர்களைத் தண்டிக்க மத்திய சர்க்கார் தனிச் சட்டம் இயற்ற வேண்டும் என்றும், நாலைந்து படுக்கை வைத்து நடத்துகிற சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரியவற்றுக்கு வகுத்த விதிகளால் நசுக்கக் கூடாது என்றும், ஆயுர்வேதம் படித்தவர்கள் கையில் அறுவைக் கத்தியைக் கொடுக்கலாகாது என்றும் குரல்கள் எழும்போது, வெளியே நின்று கேட்கிற சாமானியன் மனத்தில் ஒரு பழைய சந்தேகம் எழாமல் இருப்பதில்லை. பிறர் பிணி தீர்ப்பதையே விரதமாகக் கொண்டவன் தனக்கென்று ஒன்றைக் கேட்கலாமா? கேட்டது கிடைக்காவிட்டால் வேலையை நிறுத்தலாமா? பிறருக்காகக் கேட்கவேண்டிய சமயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தானானால் அந்தப் பாவம் யார் கணக்கில் சேரும்?

தொழிற்சங்கங்களின் விவகாரம் என்று இதை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. தர்ம சாஸ்திரத்தின் நடுக்கூடத்தில் வைத்து விசாரிக்கவேண்டிய விஷயம் இது என்பது என் அபிப்பிராயம். அதிலும் இராமநாதபுரம் சீமையில், சேதுக்கரையில் இருந்துகொண்டு இதை யோசிக்கிறவனுக்கு, மற்ற ஊர்களில் எளிதில் அகப்படாத சில ஆதாரங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

முதலில் சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சரக சம்ஹிதையின் விமானஸ்தானத்தில், வைத்தியம் கற்க வந்த சீடனை அக்கினி சாட்சியாக, பிராமணர்களும் வைத்தியர்களும் சூழ்ந்திருக்க நிறுத்திவைத்து, ஆசாரியன் உபதேசிக்கிற நீண்ட பகுதி ஒன்று உண்டு. நிற்கும்போதும் இருக்கும்போதும் நோயாளியின் க்ஷேமத்துக்காகவே முயல வேண்டும், தன் உயிரே போவதாயினும் நோயாளிக்குத் துரோகம் எண்ணலாகாது, ஒருவன் வீட்டுக்குள் கண்டதை வெளியே சொல்லலாகாது என்று அடுக்கிக்கொண்டு போகிற அந்த உபதேசத்தைப் படிக்கிறவன், அதற்கு மேல் ஒரு தொழிலுக்கு என்ன தர்மம் வேண்டும் என்று வியந்து நிற்பான். அதே சம்ஹிதை வேறோர் இடத்தில், சிகிச்சையைக் கடைச்சரக்காக விற்றுப் பிழைக்கிறவன் பொற்குவியலைத் தள்ளிவிட்டுப் புழுதிக் குவியலைக் கும்பிடுகிறவன் என்றும் கடிந்துகொள்கிறது. இவ்வளவு உயர்ந்த அந்த உபதேசத்தின் நடுவிலேயே, அரசன் பகைக்கிறவர்களுக்கும் அரசனைப் பகைக்கிறவர்களுக்கும் மருந்து கொடாதே என்கிற கட்டளையும் சங்கோசமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. மேற்கோள் காட்டுகிற மேடைப் பேச்சாளர்கள் இந்த வரியை மட்டும் நாசூக்காகத் தாண்டிவிடுவார்கள். வைத்தியன் நோயாளிக்கு உரியவனா, அரசனுக்கு உரியவனா என்கிற வழக்கு அன்றைக்கே தீரவில்லை என்பதற்கு அந்த ஒரு கட்டளை போதிய சாட்சி.

இந்த உயர்வுக்கு நேர் எதிரே வைத்தியனுக்குக் கிடைத்த அந்தஸ்தையும் மறைப்பதற்கில்லை. வைத்தியன் இட்ட அன்னத்தைச் சீழுக்குச் சமானமாகச் சொல்லி விலக்குகிறது மனுவின் நூல். தேவலோகத்து வைத்தியர்களான அசுவினி தேவர்களுக்கே முதலில் சோம பானத்தில் பங்கு இல்லை. மனிதரிடையே அலைந்து அவர்களுடைய புண்ணையும் பிணியையும் தொடுகிற இவர்கள் அசுத்தர்கள் என்று மற்ற தேவர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஒரு சமயம் யக்ஞத்தின் தலை அறுபட்டுப் போயிற்று. தேவர்கள் பதறிப்போய் அசுவினிகளிடம் வந்து, வைத்தியர்களே, இந்தத் தலையை ஒட்டித் தாருங்கள் என்று வேண்ட, அவர்கள் வரம் ஒன்று கேட்டார்கள்: எங்களுக்கும் ஒரு கிண்ணம் சோமம் முகக்கப்பட வேண்டும். தேவர்கள் இசைந்தார்கள், தலை ஒட்டப்பட்டது, அசுவினிகளைச் சுத்தி செய்து பந்தியில் சேர்த்துக்கொண்டார்கள். தைத்திரீய சம்ஹிதையின் ஆறாவது காண்டத்தில் வருகிற இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம், உலகத்தின் முதல் டாக்டர் சங்கத் தீர்மானம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குச் சிரிப்பும் வரும், சிந்தனையும் வரும்.

சிந்திக்கவேண்டிய இடம் இது: அசுவினிகள் பொன் கேட்கவில்லை, நாடு கேட்கவில்லை, சமமான ஆசனம் கேட்டார்கள். கேட்டதற்காக வேதம் அவர்களைக் கண்டிக்கவும் இல்லை. ஆனால் கேட்ட நேரம் எது என்பதையும் கவனிக்க வேண்டும். தலை துண்டாகிக் கிடக்கிற வேளையில்தான் கேட்டார்கள். கொடுக்கமாட்டோம் என்று தேவர்கள் மறுத்திருந்தால் அந்த இரட்டையர் என்ன செய்திருப்பார்கள், தலையை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார்களா என்பதைக் கதை சொல்லாமல் விட்டுவிடுகிறது. நம்முடைய காலத்து விவகாரம் முழுவதும் அந்தச் சொல்லாத இடத்தில்தான் நடக்கிறது.

இந்திய மருத்துவச் சங்கம் 1928இல் கல்கத்தாவில் தோன்றியபோதும் கேட்டது ஏறக்குறைய அசுவினிகள் கேட்டதைத்தான். உயர்ந்த பதவிகளெல்லாம் வெள்ளையர் மலிந்த இந்திய மருத்துவப் பணியின் கையில் இருந்த நாளில், இந்நாட்டு டாக்டருக்கும் பந்தியில் இடம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கையாக மட்டும் அல்லாமல் தேச சேவையாகவும் இருந்தது. இன்றைய கோரிக்கைகளில் உயிர்ப் பாதுகாப்பு முதலிடம் பெற்றிருப்பதையும் குறைசொல்ல இயலாது. டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. வந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 நவம்பர் 13ஆம் தேதி, சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் டாக்டர் ஒருவரை நோயாளியின் மகனே கத்தியால் குத்தினான். உயிருக்குப் பயந்துகொண்டு நாடி பார்க்கிறவன் கை நடுங்கும். நடுங்குகிற கையால் நோயாளிக்கும் நன்மை இல்லை. இதில் தத்துவ விசாரத்துக்கு அதிக வேலையில்லை.

வேலையிருப்பது பணத்தைப் பற்றிய இடத்தில். டாக்டரின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா, வராதா என்ற வழக்கில், இந்திய மருத்துவச் சங்கமே வாதியாக நின்று, வராது என்று சுப்ரீம் கோர்ட்டு வரை வாதாடியது. 1995 நவம்பர் 13ஆம் தேதி வந்த தீர்ப்பு, கட்டணம் வாங்கிச் செய்கிற வைத்தியம் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று முடிவு கட்டிவிட்டது. விலை வாங்குகிறவன் விற்கிறவனே என்கிற சரகரின் புழுதிக் குவியல் நியாயத்தை நீதிபதிகள் தங்கள் பாஷையில் சொன்னதாகவே அதை நான் வாசிக்கிறேன். ஆனால் தீர்ப்பின் மறுபாதி அவ்வளவாகப் பிரஸ்தாபிக்கப்படுவதில்லை. எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் செய்கிற ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. காசு கொடுத்தவன் குறை சொல்ல ஒரு மன்றம் கிடைத்தது. காசு கொடுக்க வகையற்றவனுக்கு அந்த வாசல் இல்லை. அப்படியானால் தர்மாஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்காகப் பரிந்து பேசவேண்டிய வாய் எது? அவன் படுக்கையருகே தினந்தோறும் நிற்கிறவன் டாக்டர்தான். ஏழைகளுக்கு இயற்கையாக வாய்த்த வக்கீல்கள் வைத்தியர்களே என்று ஜெர்மானிய டாக்டர் விர்கோ 1848இல் எழுதினார், சைலீஷியா நாட்டில் விஷக் காய்ச்சலால் ஜனங்கள் மடிந்ததை நேரில் கண்டுவந்த ஆண்டு அது. நம் நாட்டில் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தது தன் தொழிலுக்குச் சலுகை கேட்பதற்காக அல்ல. தேவதாசி முறையை ஒழிக்கவும், பின்னர் புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டியும், கேலியையும் மறுப்பையும் பொருட்படுத்தாமல் வாதாடினார். அடையாறு ஆஸ்பத்திரி 1954இல் எழுந்தது.

இனி இராமநாதபுரத்துக்கு வருவோம். சர்க்கார் அலுவலகங்களில், சொன்ன பேச்சைக் கேளாத சிப்பந்தியை மேலதிகாரி மிரட்டுகிற வழக்கமான வாசகம் ஒன்று உண்டு: தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன். அந்தக் காடு எது என்று கேட்டால், பத்துப் பேரில் எட்டுப் பேர் இராமநாதபுரம் ஜில்லாவைக் காட்டுவார்கள். ஒருவனுக்குத் தண்டனையாக விதிக்கப்படுகிற ஊரில் லட்சக்கணக்கான பேர் எந்தக் குற்றமும் செய்யாமல் பிறந்து வளர்ந்து பிள்ளை பெறுகிறார்களே என்பது மிரட்டுகிறவருக்கும் தோன்றுவதில்லை, மிரளுகிறவருக்கும் தோன்றுவதில்லை. தண்டனையாக அனுப்பப்பட்டவன் எவ்வளவு நல்லவனாயினும் கண் எப்போதும் திரும்பிப் போகிற பஸ்ஸின் மேலேயே இருக்கும்.

பாம்பனையடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறைக்கும் பவளத்துக்கும் நடுவே கைவிட்டுப் பாசியைப் பறிக்கிறார்கள். துணியையும் மீறி விரல் அறுபடும். காலில் பாறை கிழிக்கும். சொறிமீன் பட்ட இடம் தழும்பாகும். உப்புநீரில் நாளெல்லாம் ஊறிய புண் சீக்கிரத்தில் ஆறுவதில்லை. அப்படிப் புரையோடிய காலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிற பெண்ணை என்ன ஆயிற்று என்று விசாரித்தால், "மதுரைக்கு எழுதிட்டாங்க" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள். இராமேசுவரத்துக்கும் மதுரைக்கும் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஒரு நாள் கூலி போயிற்று, பஸ் கட்டணம், கூடவருகிறவருக்குச் சாப்பாடு, படுக்கை கிடைக்கிற வரைக்கும் வராந்தாவில் விரிக்க ஒரு பாய். இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. 1988 வரையில் இராமேசுவரம் தீவிலிருந்து மண்டபத்துக்குக் காரில் வரக்கூடச் சாலைப் பாலம் கிடையாது. 1914இல் திறந்த ரயில் பாலம் ஒன்றையே நம்பியிருந்தார்கள். 2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினொரு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது அவற்றில் ஒன்று இராமநாதபுரத்துக்கும் கிடைத்தது. கட்டடம் வந்துவிட்டால் டாக்டர் வந்துவிடுவார் என்று நினைப்பதற்கில்லை. கல்லூரிச் சுவர் எழும்புகிற வேகத்தில் நிபுணர்கள் எழும்புவதில்லை.

இங்கேதான் டாக்டர்களின் கோரிக்கை ஒன்று நல்ல உதாரணமாக வந்து உதவுகிறது. கிராமத்திலும் மலையிலும் சர்க்கார் வேலை பார்த்த டாக்டர்களுக்கு மேற்படிப்பில் பாதி இடங்களை ஒதுக்கிவைக்கிற ஏற்பாடு தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்தது. அகில இந்திய விதியொன்றைக் காட்டி அது நடுவில் தடைப்பட்டபோது, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் வழக்காடி, 2020 ஆகஸ்ட் 31ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்விடம், அத்தகைய இட ஒதுக்கீடு செய்யும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்ற தீர்ப்பைப் பெற்றது. இதில் டாக்டர்களுக்கு லாபம் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் அந்த லாபத்தின் ஆசையினாலேயே ஒரு சிறுவயது டாக்டர் திருவாடானைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று வருஷம் உட்காருகிறார் என்றால், பிரசவ வேதனையோடு அங்கே வருகிற பெண்ணுக்கும் அதே லாபத்தில் ஒரு பங்கு உண்டு. சுயநலம் கலந்த காரியம் என்பதனால் மட்டுமே அதர்மம் என்று தள்ளிவிடுகிற வைராக்கியம் சந்நியாசிகளுக்குப் பொருந்தலாம். இல்லறத்தானுக்குச் சாஸ்திரமே அர்த்தத்தையும் தர்மத்தோடு சேர்த்துத்தான் விதித்திருக்கிறது. கேட்கிறவன் பெறுகிற பங்கில் கேட்கத் தெரியாதவனுக்கும் பாகம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அந்தப் பாகம் இல்லாமற் போன காட்சிகளும் இந்தக் கரையில் உண்டு. இந்தியர்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாகச் சென்ற காலத்தில், மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் வைத்திருந்தது. பஞ்சத்தில் அடிபட்டு வந்த குடும்பங்களை அங்கே தடுத்து நிறுத்தி, காலராவும் பிளேக்கும் அக்கரை போய்ச் சேராதபடி டாக்டர்கள் சோதித்து, நாட்கள் கழிந்த பின்பே கப்பலுக்கு விட்டார்கள். வேலையில் குறை சொல்வதற்கில்லை. தொற்றுநோயைத் தடுப்பது புண்ணியம்தான். இருந்தாலும் அந்த வைத்தியம் யாருடைய க்ஷேமத்துக்காக நடந்தது என்று கேட்டால், தோட்டத்தின் க்ஷேமத்துக்காக, இலங்கையின் க்ஷேமத்துக்காக என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். சோதிக்கப்பட்டவன் அக்கரையில் எந்த லயத்து அறையில் எத்தனை பேரோடு படுப்பான் என்பது அந்த ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கவில்லை. சரகரின் சீடனுக்கு விதித்த ராஜ கட்டளை உருமாறி அங்கே நின்றுகொண்டிருந்தது என்பேன்.

ஏர்வாடியைப் பற்றி எழுதாமல் இந்த விசாரத்தை முடித்தால் அது பூசி மெழுகிய காரியமாகிவிடும். சுல்தான் செய்யிது இபுராகீம் ஷஹீது அடக்கமாகியிருக்கிற அந்தத் தர்காவுக்கு, மனம் பேதலித்தவர்களை முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒரே நம்பிக்கையோடு தலைமுறை தலைமுறையாக அழைத்துவந்திருக்கிறார்கள்; கனவில் அந்தப் பாதுஷாவின் உத்தரவு கிடைக்கிற வரையில் தங்கியிருப்பது வழக்கம். நம்பிக்கையை அண்டி, தர்காவுக்கு வெளியே, தனியார் விடுதிகள் முளைத்தன. கொண்டுவந்துவிட்ட உறவினர் பணம் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கொண்டுவரப்பட்டவர் காலில் சங்கிலியோடு கீற்றுக் கொட்டகையில் கிடப்பார். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட கொட்டகையொன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டுண்டவர்கள் ஓட முடியாமல் கருகி, 28 பேர் மாண்டார்கள். மனநல விடுதி நடத்துவதற்கு உரிமம் பெறவேண்டும் என்கிற சட்டம் 1987இலேயே இயற்றப்பட்டு, 1993இல் அமுலுக்கும் வந்திருந்தது. சங்கிலி ரகசியமாகவும் இருக்கவில்லை. சந்தனக்கூடு பார்க்கப் போய்த் திரும்பிய ஆயிரக்கணக்கானவர்களின் கண்ணில் பட்டதுதான்.

இந்த மரணங்களுக்கு நம்பிக்கையைப் பொறுப்பாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. வைத்தியம் வராத இடத்துக்குத்தான் ஜனங்கள் பிரார்த்தனையை மாத்திரம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டும் ஒரே வாசலில் கிடைத்தால் இரண்டையும் வாங்கிக்கொள்வார்கள் என்பதற்கு அதே ஏர்வாடியில் பின்னர் வந்த ஏற்பாடு அத்தாட்சி. தவாவும் துவாவும், அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்ற பெயரில், குஜராத் மாநிலத்துத் தர்கா ஒன்றில் நடந்ததைப் பின்பற்றி, மனநல டாக்டர்கள் தர்கா வளாகத்திலேயே உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். பாத்தியா ஓதியவர் அடுத்தபடியாக மாத்திரையும் வாங்கிக்கொள்கிறார். தீக்கு முன்னால் இது நடந்திருக்கக் கூடாதா என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை. ஆனால், மனம் பேதலித்தவனுக்கு ஓட்டுப் போடவும் தெரியாது, மனுக் கொடுக்கவும் தெரியாது, வேலைநிறுத்தம் செய்யவும் முடியாது. அவனுக்காக நிறைவேற்றப்படாத தீர்மானம் எந்தக் காலத்திலும் அவனால் நிறைவேற்றப்படப்போவதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை வெளிப்படையாகவே தடுத்துவிட்டது. சட்டம் வருவதற்குள் 28 பிணங்கள் முன்னால் வந்துவிட்டன.

இதே கரையில் முன்பு ஒலித்த ஒரு பேச்சும் இங்கே நினைவுக்கு வருகிறது. சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி, கொழும்பு வழியாக 1897 ஜனவரிக் கடைசியில் பாம்பனில் கரையிறங்கி, சேதுபதி மன்னரின் வரவேற்பைப் பெற்றபின் இராமேசுவரம் கோயிலில் பேசினார். ஏழையிடத்திலும் பலவீனனிடத்திலும் நோயாளியிடத்திலும் சிவனைக் காண்கிறவனே உண்மையாகச் சிவனைப் பூஜிக்கிறவன் என்பது அந்தப் பேச்சின் சாரம். எஜமானுடைய தோட்டத்தில் வேலை செய்த இரண்டு தோட்டக்காரர்களின் கதையையும் அங்கே சொன்னார்: ஒருவன் எஜமான் வந்தால் கைகட்டி நின்று அவர் முகத்தழகைப் புகழ்ந்து கூத்தாடுகிற சோம்பேறி, மற்றவன் அதிகம் பேசாமல் உழைத்துக் காயும் கனியும் தலையில் சுமந்துகொண்டுபோய்க் கொடுக்கிறவன். எஜமானுக்கு யார் மேல் பிரியம் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் இந்தத் தண்ணீரில்லாச் சீமையில் உட்கார்ந்து அந்தக் கதையை நினைக்கும்போது, மூன்றாவது தோட்டக்காரன் ஒருவனும் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. கிணறு வற்றிவிட்டது, ஏற்றக்கால் முறிந்துவிட்டது, செடிகள் வாடுகின்றன என்று எஜமான் வீட்டு வாசலில் போய் உரக்கச் சொல்கிறவன் அவன். மௌனமாக உழைக்கிறவனின் பெருமையை ஒப்புக்கொள்கிற அதே வேளையில், அவன் மௌனத்தினாலேயே தோட்டம் பாழாகிற காலமும் உண்டு என்பதை மறக்கலாகாது. மாநில மகாநாட்டுத் தீர்மானம் என்பது யோக்கியமாகச் செய்யப்படும்போது அந்த மூன்றாவது ஆளின் வேலையே.

அவன் உரக்கச் சொல்லியும் கதவு திறக்காவிட்டால்? 2019 அக்டோபர் 25ஆம் தேதி தமிழ்நாட்டு அரசு டாக்டர்களின் சங்கங்கள் கூட்டாக வேலைநிறுத்தம் தொடங்கின. காலத்துக்கேற்ற ஊதிய உயர்வு, நோயாளிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி டாக்டர் நியமனம், கிராம சேவை செய்தவர்களுக்கு மேற்படிப்பில் இட ஒதுக்கீடு என்பன கோரிக்கைகள். அவசர சிகிச்சையை நிறுத்தவில்லை. பணியில் முறிவு உண்டாகும் என்று சர்க்கார் எச்சரித்தது. நவம்பர் 1ஆம் தேதி போராட்டம் கைவிடப்பட்டது. கோரிக்கைகளில் பெரும்பாலானவை நியாயமானவை என்பது என் துணிபு. அந்த ஒரு வாரத்தில் ஓ.பி. சீட்டுக் கிடைக்காமல், மீண்டும் எப்போது வருவது என்று தெரியாமல், ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திரும்பியவர்கள் அந்த நியாயத்துக்கு எந்த விதத்திலும் எதிரிகள் அல்லர் என்பதும் அதே அளவுக்கு நிச்சயம். இரண்டு உண்மைகளையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்ள நம் காலத்துக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. போராட்டத்தை ஆதரிக்கிறவர், யாருக்கும் ஒரு குறையும் நேரவில்லை என்கிறார்; எதிர்க்கிறவர், கேட்டதெல்லாம் பேராசை என்கிறார். நியாயமானால் தோஷமில்லை, தோஷமிருந்தால் நியாயமில்லை என்று இருவருமே நினைப்பதுதான் இதற்குக் காரணம்.

இராமேசுவரம் என்ற ஸ்தலம் எழுந்திருப்பதே இந்த நினைப்பை மறுத்துத்தான். ஸ்ரீராமன் செய்த யுத்தத்தை விட நியாயமான யுத்தம் எது? தூது அனுப்பினான், சமாதானத்துக்கு வழி விட்டான், கடைசியில்தான் வில்லை எடுத்தான். அப்படியும், இராவணன் புலஸ்திய முனிவரின் வழியில் வந்தவனாகையால் அவனைக் கொன்றதனால் பிரம்மஹத்தி தோஷம் சேர்ந்தது என்றும், அதைப் போக்கிக்கொள்ள ரிஷிகளின் சொற்படி இங்கே சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தான் என்றும், அனுமான் கைலாசத்திலிருந்து லிங்கம் கொண்டுவரத் தாமதித்ததனால் சீதை மணலைக் கூட்டிப் பிடித்த லிங்கத்தையே பூஜித்தான் என்றும் ஸ்தல புராணம் சொல்கிறது. யுத்தம் தவறு என்று எந்த ரிஷியும் சொல்லவில்லை. இராமனும் சீதையைத் திருப்பி அனுப்பவில்லை, விபீஷணனுக்குச் சூட்டிய முடியைக் கழற்றவில்லை, வெற்றியை மறுக்கவில்லை. வெற்றியும் நியாயமும் தோஷமும் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். பிராயச்சித்தம் என்பது குற்றவாளி மட்டும் செய்கிற காரியம் என்றால், இருபத்திரண்டு தீர்த்தங்களில் வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு ஈரத்துணியோடு பிராகாரம் சுற்றுகிற ஜனங்களுக்கு அங்கே வேலையே இல்லை.

டாக்டர்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்கிறபோது, தனி மனிதனுக்கும் சங்கத்துக்கும் உள்ள ஒரு பேதம் குறுக்கே வருகிறது. இராமன் ஒருவன், தோஷம் யாரைப் பற்றியது என்பதில் சந்தேகமில்லை. ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து ஒரு நாள் கதவைச் சாத்தினால், திரும்பிப் போனவனுடைய கஷ்டம் அந்த ஆயிரத்தில் பங்கிடப்பட்டு, ஒவ்வொருவர் பங்குக்கும் ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. சங்கம் என்கிற அமைப்பின் பெரிய வசதியும் பெரிய ஆபத்தும் இதுவே: கோருவதற்கு ஆயிரம் வாய்கள் ஒரு வாயாகின்றன, பொறுப்பேற்கும்போது அந்த ஒரு வாய் ஆயிரமாகச் சிதறிவிடுகிறது. 2024 ஆகஸ்டில் கல்கத்தாவில் பயிற்சி டாக்டர் ஒருவர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட கொடுமையைக் கண்டித்து நாடு முழுவதும் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, டில்லியில் பயிற்சி டாக்டர்கள் சர்க்கார் காரியாலயத்துக்கு வெளியே தெருவிலேயே நோயாளிகளைப் பார்ப்போம் என்று அறிவித்தார்கள். அதில் ஆர்ப்பாட்டமும் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனாலும் தோஷம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட மனத்திலிருந்துதான் அப்படியொரு யோசனை பிறக்க முடியும்.

ஆகவே மாநில மகாநாட்டுக்கு என் யோசனை ஒன்று உண்டு. போராட்டம் நடந்த ஆண்டில், செயலாளரின் ஆண்டறிக்கையில், அந்தப் போராட்டத்தினால் தள்ளிவைக்கப்பட்ட அறுவை சிகிச்சைகள் இத்தனை, திருப்பி அனுப்பப்பட்ட புறநோயாளிகள் ஏறக்குறைய இத்தனை பேர், அவர்களில் திரும்ப அழைத்துப் பார்க்கப்பட்டவர்கள் இத்தனை பேர், அதற்காக எந்தெந்தக் கிளை எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் முகாம் நடத்திற்று என்று ஒரு பக்கம் எழுதி, சபையில் உரக்க வாசிக்க வேண்டும். வக்கீல்கள் ஆட்சேபிப்பார்கள், நஷ்டஈடு கேட்க நீங்களே ஆதாரம் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்பார்கள். சர்க்காரும் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டிப் பத்திரிகைகளில் பேசும். இரண்டும் நடக்கக்கூடியவையே. ஆனால் எழுதாவிட்டால் அந்தக் கணக்கை எழுதப்போகிறவர்கள் டாக்டர்களுக்கு வேண்டாதவர்கள். அவர்கள் எழுதுகிற கணக்கில் ஞாயிற்றுக்கிழமை முகாம்களுக்கு இடம் இருக்காது. பக்கத்தை எங்கே சேர்ப்பது என்று கேட்டால், பொருளாளரின் வரவு செலவு அறிக்கைக்கு அடுத்தாற்போல் சேர்க்கலாம். அச்சுக்கூலி அதிகம் ஆகாது.